இலையில்லாத ஆஸ்பென், பச்சைப் பட்டை: குளிர்கால ஒளிச்சேர்க்கையைப் பார்ப்பதும் அளப்பதும்

ஆஸ்பென், குளிர்நாடுகளில் வளர்ந்து குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும் மரம். ஜனவரி மாதத்து ஆஸ்பென் குச்சி ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். சாம்பல் நிற மேல்தோல் நகர்ந்ததும் அடியில் பச்சைப் பட்டாணித் தோல் நிறத்தில் ஓர் அடுக்கு தெரியும். அரை நிமிட வேலைதான். ஆனால் அங்கே பச்சையம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அந்தப் பச்சையம் வேலை செய்கிறதா என்று காட்ட மூன்று நாளும், ஒரு கண்ணாடி ஜாடியும், ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சாரும் வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஆஸ்பென் குளிர்காலத்தில் பட்டையாலேயே சமைத்துச் சாப்பிட்டு வளர்கிறது’ என்ற மிகைப்பேச்சு ஓயாமல் சுற்றுகிறது.

நடப்பது வேறு. மரத்துக்கு இலை இல்லாவிட்டாலும் தண்டுக்குள் இருக்கும் உயிரணுக்கள் சுவாசிக்கின்றன. அதில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு மேல்தோலைத் தாண்டிச் சுலபமாக வெளியே போக முடியாது. அதனால் தண்டுக்குள் அதன் அளவு நூற்றுக்கு ஒன்று முதல் இருபதுக்கு மேலும்கூட ஏறிவிடுகிறது. வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் பச்சைத்திசு, மெல்லிய தோலின் வழியே வடிகட்டி வரும் வெளிச்சத்தைக் கொண்டு, இப்படி அடைபட்டுக் கிடக்கும் வாயுவைத் திரும்பவும் சர்க்கரையாக்குகிறது. வெளியிலிருந்து வரவு கிடையாது, கையைவிட்டுப் போகும் செலவு குறைகிறது, அவ்வளவுதான். இளந்தண்டுகளில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, சுவாசத்தில் போகவேண்டியதில் 60 முதல் 90 சதவீதம் வரை இப்படி மீட்கப்படலாம். கூடவே உண்டாகும் ஆக்சிஜன், காற்று எளிதில் நுழையாத உள்திசுக்களுக்கு உதவுகிறது. இலைத்துளை திறக்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீர்ச் செலவும் மிகக் குறைவு. வேர் உறைந்த மண்ணில் கிடக்கும் மாதங்களில் அது சின்ன லாபமில்லை.

நம்மூர் வேலிக் கிளுவையில் காகிதம்போல் உரியும் தோலுக்கு அடியில் தெரியும் பச்சையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. திருகுகள்ளியை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அதன் தண்டில் இலைத்துளைகளே உண்டு. வெளிக்காற்றிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்ளும். ஆஸ்பென் பட்டையில் அந்த வாசல் இல்லை.

மரத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

வட அமெரிக்காவில் அலாஸ்கா தொடங்கி மெக்சிகோ மலைகள் வரை பரவியிருக்கும் நடுங்கும் ஆஸ்பென்தான் இங்கே பேசப்படும் மரம். கொலராடோ, யூட்டா மலைச்சரிவுகளிலும் கனடாவின் ஆல்பர்ட்டா சமவெளி ஓரங்களிலும் தோப்புத் தோப்பாக நிற்கும். இலை நடுங்குவதை வைத்து அடையாளம் காணக் குளிர்காலத்தில் வழியில்லை என்பதால், பட்டையைத்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும். அது உதிர்ந்த மேல்தோலின் இறந்த அணுக்கள். பட்டை சுருள் சுருளாகக் காகிதம்போல் உரிந்தால் அது பிர்ச், ஆஸ்பென் அல்ல. கிளை உதிர்ந்த இடமெல்லாம் கண் வரைந்ததுபோல் கறுப்புத் தழும்பு இருக்கும். கிழட்டு மரங்களில் அடிப்பக்கப் பட்டை கறுத்து வெடித்துத் தடித்துப்போயிருக்கும். அங்கே வெளிச்சம் உள்ளே போகாது, சோதிக்க ஏற்ற இடமில்லை.

அடிமரத்தின் வடபக்கம் பச்சையாகத் தெரிந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் பச்சை ஏறினால் அது மேலே படிந்த பாசி. ஆஸ்பெனின் சொந்தப் பச்சை தோலுக்கு அடியில் இருப்பதால் துடைத்தால் போகாது. நனைந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

எங்கே சுரண்டக்கூடாது

அடிமரத்தைச் சுரண்டாதீர்கள், உங்கள் சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும். இந்த மெல்லிய பட்டைதான் ஆஸ்பெனின் பலம், பலவீனமும் அதுவே. சைட்டோஸ்போரா முதலிய பூஞ்சைகள் காயத்தின் வழியேதான் நுழைந்து பட்டைப் புண்ணாக மாறுகின்றன. சுற்றிவளைத்துவிட்டால் அந்த மரம் அவ்வளவுதான். எல்க் மான்கள் குளிர்காலத்தில் பல்லால் பட்டையைச் சீவித் தின்ற இடங்கள் கறுத்த தழும்பாகக் கிடப்பதைத் தோப்புகளில் பார்க்கலாம். கறுத்துத் தடித்த அந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே போகாது.

பனியின் பாரத்தில் அண்மையில் ஒடிந்து விழுந்த கிளை போதும். வளைத்தால் சட்டென்று முறியாமல் நெளிய வேண்டும், மொட்டைக் கிள்ளினால் உள்ளே பச்சை இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தனியார் நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு, பென்சில் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன் வரையுள்ள பக்கக்கிளையை, கிளைக்கழுத்தை (கிளை தண்டோடு சேரும் தடித்த இடம்) ஒட்டிக் கூரான கத்தரியால் வெட்டுங்கள். தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் ஒரு குச்சிகூட எடுக்கக்கூடாது. யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் 43 ஹெக்டேரில் சுமார் 47,000 தண்டுகளாக நிற்கும் ‘பாண்டோ’ முழுக்க ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே உயிர். மான்கள் இளந்தளிரைத் தின்று தின்று அது ஏற்கெனவே திணறுகிறது. அங்கே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டியதும் இரண்டு முனைகளையும் உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுங்கள். ஈரக் காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வெட்டுப்பட்ட திசு முதல் சில மணி நேரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுவாசிக்கும். மெழுகு பூசாத முனையின் வழியே தண்டுக்குள் தேங்கிய வாயு நேராக வெளியே கொட்டும். அந்த நிலையில் அளந்தால் நீங்கள் அளப்பது காயத்தைத்தான், பட்டையை அல்ல.

குறுக்கே வெட்டிப் பார்த்தல்

புது பிளேடால் குச்சியைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, பத்து மடங்கு கைலென்ஸில் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே: மங்கிய மெல்லிய மேல்தோல், பிறகு பச்சை வளையம், அதையடுத்து வெளிறிய உள்பட்டை, பிறகு காம்பியம் (தண்டைப் பருமனாக்கும் மெல்லிய வளர்திசு), அப்புறம் மரம். இளங்குச்சியில் மரத்தின் ஆரக்கோடுகளிலும் நடுச்சோற்றின் ஓரத்திலும்கூட இளம்பச்சை தெரியும். வெளிச்சம் அவ்வளவு தூரம் வரை போகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரு வயதுக் குச்சியையும் ஐந்து வயதுத் தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயது ஏற ஏற மேல்தோல் தடிப்பதும் கண்ணில் படும்.

பச்சையத்தைப் பிரித்தெடுத்தல்

கத்தியின் முதுகால் மேல்தோலைச் சுரண்டித் தள்ளிவிட்டு, பச்சை அடுக்கை மட்டும் சீவி இரண்டு கிராம் சேருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 20 மி.லி. ஊற்றி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, சின்ன உரலில் நசுக்குங்கள். சோடா எதற்கென்றால், பட்டைச்சாற்றின் புளிப்பு பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தைப் பறித்துவிடும். பச்சை மங்கி ஆலிவ் பழுப்பு நிறத்துக்குப் போய்விடும். இந்தச் சிட்டிகையை மறந்தால் ‘பட்டையில் பச்சையம் குறைவு’ என்று தவறாக முடிவு கட்டிவிடலாம். மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் இருட்டில் அரைமணி நேரம் வைத்து, காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பின்மேல் நேராக வைக்காதீர்கள், அடுப்பை அணைத்த பிறகு வெந்நீரில் வையுங்கள்.

வடிநீரை இருட்டறையில் வைத்து, 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் பச்சைத் திரவம் ரத்தச் சிவப்பாக ஒளிரும். வெளிச்சத்தை வாங்கிய பச்சையம், கொடுக்க ஆளில்லாமல் சிவப்பாகத் திருப்பி விடுகிறது. அதே டார்ச்சைச் சுரண்டிய குச்சியின்மேல் அடித்தால் ஒளிர்வு மங்கலாகத்தான் இருக்கும்; அங்கே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு.

கல்லூரி ஆய்வகம் கைவசம் இருந்தால் அளவாகவே சொல்லலாம். 80 சதவீத அசிட்டோனில் குறிப்பிட்ட பரப்புள்ள பட்டையை (நான்கு சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்) அரைத்து 10 மி.லி. ஆக்குங்கள். நிறமாலைமானியில் 663, 645 நானோமீட்டரில் உறிஞ்சலைப் படியுங்கள். குளோரோபில் ஏ = 12.7 × (663-இன் அளவு) − 2.69 × (645-இன் அளவு). குளோரோபில் பி = 22.9 × (645-இன் அளவு) − 4.68 × (663-இன் அளவு). விடை லிட்டருக்கு மில்லிகிராமில் வரும். உதாரணத்துக்கு 0.60, 0.25 என்று படித்தால் ஏ 6.95, பி 2.92, இரண்டுக்கும் விகிதம் 2.4. வெயிலில் நிற்கும் இலைகளில் இந்த விகிதம் 3-ஐ ஒட்டி இருக்கும். பட்டையில் அதைவிடக் குறைவாக வருவது பிழையல்ல: தோலுக்கு அடியில் இருக்கும் திசு நிழலில் வளரும் செடியின் குணத்தோடு இருக்கிறது, அதற்கேற்ற விகிதம் இது.

இரண்டு ஜாடி அல்ல, ஒரே ஜாடி இரண்டு முறை

முக்கியமான சோதனை இதுதான். தேவையானவை: ஒரு லிட்டர் வாய்அகன்ற கண்ணாடி ஜாடி, ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் மூடி, அகச்சிவப்பு முறையில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு சென்சார் (மலிவான ‘காற்றுத் தரம்’ சென்சார்கள் உதவாது, அவை வேறு வாயுக்களை மோப்பம் பிடித்துக் கணக்குப் போடுபவை), சின்ன வெப்பமானி, 30 வாட் வெள்ளை எல்.இ.டி. ஃபிளட்லைட், பெரிய வாளி, ஐஸ்.

இரவு முழுக்கக் குளிரில் இருந்த, முனை மெழுகிட்ட குச்சிகள் மூன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. பருமன், 15 செ.மீ. நீளம். சென்சாரோடும் வெப்பமானியோடும் ஜாடியில் வைத்து மூடுங்கள். சென்சாரை வெள்ளைக் காகிதத்தால் போர்த்துங்கள், விளக்குச் சூடு அதன் கணக்கைக் கெடுக்கும். மூடும்போது மூச்சை வேறு பக்கம் விடுங்கள். வெளிவிடும் மூச்சில் பத்து லட்சத்தில் 40,000 பங்கு (40,000 பி.பி.எம்.) கார்பன் டை ஆக்சைடு உண்டு. ஒரு ஊதல் போதும், அரைமணி நேர அளவீடு வீண். ஜாடியின் கழுத்து வரை 10 டிகிரித் தண்ணீரில் அமிழ்த்தி, அந்த வெப்பநிலையை ஐஸ் போட்டுப் போட்டு நிறுத்துங்கள்.

இருபது நிமிடம் சமநிலைக்கு விட்டு, முதலில் விளக்கை 30 செ.மீ. தூரத்தில் எரியவிட்டு அரைமணி நேரம், நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். பிறகு ஜாடியை அலுமினியத் தாளால் முழுக்கப் போர்த்தி இன்னொரு அரைமணி. மறுபடி தாளை எடுத்து மூன்றாவது அரைமணி. இரண்டாவது வெளிச்சச் சுற்று முதல் சுற்றோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது அல்லது தண்ணீரின் வெப்பநிலை நழுவியிருக்கிறது.

கணக்கு எளிது. இருட்டில் நிமிடத்துக்கு 9 பி.பி.எம். ஏறி, வெளிச்சத்தில் 3 மட்டும் ஏறினால், மீட்பு 9-இல் 6, அதாவது 67 சதவீதம். வெளிச்சத்திலும் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இறங்கும் என்று எதிர்பார்த்து, இறங்காததைப் பார்த்து ‘பட்டை வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தச் சோதனையில் தனி எண் எதுவும் விடையல்ல, கழித்தல்தான் விடை.

ஐஸ் வாளியை வேண்டாமென்று ஜாடியை ஜன்னல் வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் பத்து நிமிடத்தில் 20 டிகிரிக்குப் போய்விடும். பத்து டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 9 என்பது 18 ஆகிவிட்ட நிலையில் பட்டை அதே 6-ஐ மீட்டாலும் வெளியே 12 தெரியும். குளிர்ந்த இருட்டில் 9, வெயிலில் 12. வெளிச்சம்பட்டால் கார்பன் இழப்பு அதிகமாகிறது என்று தலைகீழ் முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு ஓட்டம் கூடுதலாக வேண்டும். ஒன்று வெறும் ஜாடி. கோடு தட்டையாக இருக்க வேண்டும். இன்னொன்று, கொதிநீரில் கால்மணி நேரம் வேகவைத்துத் துடைத்த குச்சி. அதில் வெளிச்சமும் இருட்டும் ஒரே மாதிரி வர வேண்டும். வராவிட்டால் விளக்கு சென்சாரைச் சூடாக்குகிறது என்று பொருள். காகிதப் போர்வையைத் தடிப்பாக்குங்கள்.

உறைபனியிலிருந்து நேராக எடுத்த குச்சி

மைனஸ் 20-இல் நின்ற கிளையை வெட்டி அன்றே அளந்தால் மீட்பு மிகக் குறைவாக வரும், சில நேரம் ஒன்றுமே வராது. கருவியைக் குறை சொல்லாதீர்கள். கடும் குளிரில் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தால், பயன்படுத்த முடியாத ஆற்றல் பச்சையத்தைச் சேதப்படுத்தும். அதனால் திசு தன் வேலையைக் குறைத்து, வரும் வெளிச்சத்தை வெப்பமாகக் கொட்டிவிடும் நிலைக்குப் போகிறது. நார்வேயில் ஐரோப்பிய ஆஸ்பென் பட்டையில் இந்தக் குளிர்கால மந்தத்தை அளந்த ஆய்வு 1998-இல் வெளியானது. பண்பேற்ற ஒளிர்வுமானி (பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வை அளந்து அது எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்று காட்டும் கருவி) கிடைத்தால், குச்சியை அரைமணி இருட்டில் வைத்துப் படியுங்கள். நலமாக வேலை செய்யும் பச்சைத்திசுவில் 0.8-ஐ ஒட்டி வரும் எண், நடுக்குளிர்காலப் பட்டையில் வெகுவாகத் தாழ்ந்திருக்கும்.

அதே குச்சிகளை 10 டிகிரியில், மங்கிய வெளிச்சத்தில் இரண்டு நாள் வைத்துத் திரும்ப அளந்தால் எண் ஏறும். இந்த ஏற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்டில் நடப்பதும் இதுதான். ஆஸ்பென் பட்டை குளிர்காலம் முழுக்க ஒரே சீராக உழைப்பதில்லை. உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனதும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். சுவாசம் அதற்கும் கீழே மெல்லத் தொடரும். ஆண்டு முழுக்க ஆஸ்பென் தண்டின் ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் அளந்து 1976-இல் ஃபூட், ஷேடில் இருவரும் வெளியிட்டதிலிருந்து இது தெரிந்த சங்கதி. நல்ல நாள் என்பது பிப்ரவரி கடைசி, மார்ச் மாதத்து வெயில் நண்பகல். காற்று மைனஸ் 5-இல் இருக்கும்போதே தெற்குப் பக்கப் பட்டை உறைநிலையைத் தாண்டியிருக்கும். தலைக்குமேல் இலை மறைப்பு இல்லை; கீழே புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியின் உமிழ்திறன் அமைப்பை 0.95-இல் வைத்து, ஒரே மரத்தின் தெற்கு, வடக்குப் பக்கங்களை மணிக்கொரு முறை படித்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் பட்டைக்கு வேலை இருந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அயோடின் சோதனையை ஜனவரியில் நம்பாதீர்கள்

பள்ளிக்கூடத்தில் இலைக்குச் செய்ததுபோல் பட்டையில் அயோடின் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மாவுச்சத்தைக் காட்டும் கருநீல நிறம் வராது. ஒளிச்சேர்க்கை இல்லாததால் அல்ல. ஆஸ்பெனும் சேர்ந்த பாப்லர் இன மரங்கள் நடுக்குளிர்காலத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, உறைபனியைத் தாங்க அதை அணுக்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் கறுத்துக் காட்டிய அதே பட்டை ஜனவரியில் வெளிறி நிற்கும். அந்த இழப்பும் ஏற்றமும் சேமிப்பின் கணக்கு, பட்டையின் அன்றாட வரவல்ல.

ஒரு குளிர்காலம் முழுக்க: தாள் சுற்றுதல்

பட்டை மீட்கும் கார்பன் மரத்துக்கு ஏதாவது பயன்படுகிறதா என்று பார்க்க, சொந்த நிலத்தில் ஒரே தோப்பின், ஒரே பருமன் உள்ள இளங்கன்றுகள் பத்தாவது வேண்டும். விரல் பருமன் முதல் மூன்று செ.மீ. வரை. ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருந்தால் மரபு வேறுபாடு குறுக்கிடாது. ஆனால் வேர் வழியே ஒன்றுக்கொன்று சர்க்கரை பகிரக்கூடும், அதனால் வித்தியாசம் மங்கும். எனவே தொட்டியில் தனித்தனியாக வளர்த்த கன்றுகளே மேல்.

அக்டோபர் கடைசியில், இலை முழுக்க உதிர்ந்த பிறகு, ஐந்து கன்றுகளுக்குத் தண்டிலும் கிளையிலும் அலுமினியத் தாளைத் தளர்வாகச் சுற்றுங்கள். மொட்டுகளை வெளியே விடுங்கள். மீதி ஐந்துக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை அதே தளர்வில் சுற்ற வேண்டும். சும்மா விட்ட கன்றோடு ஒப்பிட்டால், வித்தியாசம் இருட்டால் வந்ததா சுற்றியதால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டு வகையிலும் தாளுக்கு அடியில் வெப்பப் பதிவுக்கருவி ஒன்று செருகுங்கள், ஏனென்றால் அலுமினியம் வெயிலைத் திருப்பி அடித்துப் பட்டையைக் குளிர்ச்சியாக வைக்கும். பட்டைத்துளைகள் அடைபடாதபடி மேலும் கீழும் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். இறுக்கிச் சுற்றினால் உள்ளே நீர் தங்கிப் பூஞ்சைப்புண் வரும். அடியில் பனிக்குக் கீழே எலிகள் தாளைக் கூடாரமாக்கிப் பட்டையைக் கொறித்துவிடும்; தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்குத் தாளுக்குப் பதில் கம்பிவலை போடுங்கள்.

ஏப்ரலில், மொட்டு வீங்கும்போது, ஒவ்வொரு கன்றிலும் ஒரே உயரத்திலிருந்து இருபது மொட்டுகளைக் கிள்ளி, 70 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி எடை பாருங்கள். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு போதாது. தாளை அவிழ்க்க மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். ஐந்து மாதம் இருட்டில் வெளிறிய பட்டையை ஒரே நாளில் மலைவெயிலுக்குத் திறந்தால் தெற்குப் பக்கம் வெந்து வெடிக்கும். மேகம் கிடைக்காவிட்டால் முதலில் வடபக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தெற்குப் பக்கத்தை எடுங்கள்.